நெஞ்சுக்குள் கட்டிய ரத்தம்

அன்று டயாலிசிஸ் மிஷின் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. ரெனாந்தேவின் கழுத்து வழியாக உள்ளே போய், வலது தோளுக்குக் கீழே சட்டைக்குள்ளிருந்து வெளியே வரும் குழாயில் ரத்தம் சரியாக வரவில்லை. நர்ஸ் இரண்டு முனைகளையும் மாற்றிப் பொருத்திப் பார்த்தாள். இருமச் சொன்னாள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நின்றுவிடும். சில நாட்களாகப் படி ஏறினாலே மூச்சு வாங்குவதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நர்ஸ் கேட்டபோது மறைக்கத் தெம்பில்லாமல் சொல்லிவிட்டான். டாக்டர் தூபாஸ் அவனை உடனே இலோய்லோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எக்கோ எடுக்க அனுப்பினார். பின்னாலேயே அவரும் வந்துவிட்டார்.

திரையில் இதயத்தின் வலது மேலறை தெரிந்தது. குழாய் ஒரு வெள்ளைக் கோடாக அதற்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில், சின்ன எலுமிச்சை மாதிரி இருக்கும் கலமான்சிப் பழம் அளவுக்கு ஏதோ ஒன்று தொங்கியது. இதயம் துடிக்கும்போதெல்லாம் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"அது உங்க ரத்தம்தான். குழாய் நுனியில ஒட்டிக் கட்டியாயிருச்சு," என்றார் டாக்டர். "கழுத்துக் குழாய் கொஞ்ச நாளைக்குத்தான்னு ஆரம்பத்துலயே சொன்னேன். கையில ரத்தக்குழாயை இணைச்சு ஃபிஸ்டுலா வெச்சுக்கங்கன்னு எத்தனை தடவை சர்ஜனுக்கு எழுதிக் கொடுத்தேன்? ஏன் போகல நீங்க?"

ரெனாந்தே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பயம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். டயாலிசிஸுக்கு வருகிற பாதிப் பேருக்குக் கத்தி என்றால் பயம். அவனுக்குக் கத்தியைக் கண்டு பயமில்லை. வயிற்றைக் கிழித்து அக்காவின் சிறுநீரகத்தை உள்ளே வைத்த உடம்பு அது.

அவனுக்குக் கடலோர ஊரான மியாகாவில் தார்ப்பாலின் பேனர் அச்சடிக்கும் கடை. பட்டமளிப்பு, பிறந்தநாள், தேர்தல், இறப்பு என்று எங்கள் ஊரில் எது நடந்தாலும் வேலியில் ஒரு பேனர் தொங்கியாக வேண்டும். அதில் பாதி அவன் கடையில் அடித்ததாக இருக்கும். சில வருடங்களுக்கு முன் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டன. பலாவான் தீவில் பேக்கரி நடத்திக்கொண்டிருந்த அக்கா பெர்லிதா கப்பலேறி வந்து தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். தேறி வந்ததும் அவன் செய்த முதல் வேலை, கடையிலேயே மிகப் பெரிய பேனரை அச்சடித்துத் தேவாலயத்துக்கு எதிரே மாட்டியதுதான். 'நன்றி, மனாங் பெர்லிதா.' எங்களுக்கு மனாங் என்றால் அக்கா. அக்கா முகமும் தம்பி முகமும் மேயர் முகத்தைவிடப் பெரிதாக இருந்தன. கிட்னிக்கே இவ்வளவு பெரிசென்றால் இருதயத்தைக் கொடுத்தால் கோயிலையே மூடிவிடுவான் என்று கள்ளுக்கடையில் சிரித்தார்கள்.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்வதற்கான மாத்திரைகளை ஆயுளுக்கும் விடாமல் போட வேண்டும். அவற்றைப் போட்டால் அவனுக்குக் கை நடுங்கியது. பேனர் ஓரத்தை வெட்டும் பிளேடு கோணிப் போயிற்று. முகம் ஊதியது. கூட்டாளிகள் அவனைச் சியோபாவ் என்றார்கள், ஆவியில் வெந்த உருண்டை ரொட்டி மாதிரி இருக்கிறானாம். ஒரு திருவிழா அன்று ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டுக் குடித்தான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் வினையாகப் போனது. அடுத்த கல்யாணத்துக்கும் விட்டான். பிறகு பெரிய ஆர்டர் வந்த வாரங்களில் விட்டான். கை நடுங்காமல் எழுத்துகள் நேராக விழுந்தன. முகம் வற்றிப் பழைய அழகு திரும்பியது. கடைசியில் கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மாத்திரை போட்டீர்களா என்று டாக்டர் தூபாஸ் கேட்டார். தினமும் போட்டேன் என்றான். ரத்தத்தில் மருந்தின் சுவடே இல்லை என்று சோதனை சொன்னது. டாக்டர் அந்தத் தாளை அவனுக்குக் காட்டவில்லை. மேஜையில் கவிழ்த்து வைத்தார். அதைவிட அவர் அறைந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

சிறுநீரகம் போயிற்று. கழுத்தில் குழாய் வந்தது.

மனைவி அனலின் மனாங்கிடம் சொல்லிவிடலாம் என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றான். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. ஞாயிறுதோறும் வீடியோவில் பெர்லிதா கூப்பிடுவாள். ஏப்ரல் வெயிலிலும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசுவான். அங்கே பனி பெய்கிறதா என்று அவள் கேலி செய்வாள். கையில் அறுவை செய்தால் நரம்பு கயிறுபோலப் புடைத்து, ஊசித் தழும்புகளோடு ஊருக்கே தெரியும். இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வரப்போகிற அக்காவுக்கும் தெரியும். குழாயைச் சட்டைக்குள் மறைக்கலாம், கையை எங்கே மறைப்பது? அதனால்தான் அவன் சர்ஜனிடம் போகவில்லை.

பெர்லிதாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அறுவை நடந்த தேதியில் வருடா வருடம் பேக்கரியில் ஒரு கேக் செய்வாள். கிட்னிக்குப் பிறந்தநாள் என்று தெருவுக்கே கொடுப்பாள். வெட்டுவதற்கு முன் கைப்பேசியை மெழுகுவத்திக்கு எதிரே பிடித்து, இந்தப் பக்கமிருந்து தம்பியை ஊதச் சொல்வாள். கடைசி முறை அவள் அப்படிப் பிடித்தபோது சிறுநீரகம் செத்துப் பல மாதமாகியிருந்தது. ரெனாந்தே ஊதினான். அந்தப் பக்கம் யாரோ மெழுகுவத்தியை அணைத்தார்கள், கை தட்டினார்கள். அனலின் எழுந்து அறையைவிட்டுப் போய்விட்டாள்.

இதையெல்லாம் எக்கோ அறையில் எப்படிச் சொல்வான்? "நேரம் கிடைக்கல, டாக்டர்," என்றான்.

அவனை வார்டில் படுக்கவைத்து, ரத்தத்தை இளக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கினார்கள். குழாயை இப்போது உருவ முடியாது என்று டாக்டர் விளக்கினார். இழுத்தால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். முதலில் கட்டியைச் சிறிதாக்க வேண்டும். அதுவரை அதே குழாயில் மெதுவாக டயாலிசிஸ் செய்யலாம். மருந்துக்குக் கரையாவிட்டால் நெஞ்சைத் திறந்து எடுக்க வேண்டியிருக்கும். இந்த உடம்புக்கு அது கடைசி வழி.

டாக்டர் போனதும் அனலின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உன் நெஞ்சைத் திறக்கக் கையெழுத்து கேட்டா நான் ஒருத்தியா போட மாட்டேன். மனாங்குக்குத் தெரியணும்."

கட்டி கரையட்டும், பிறகு நானே சொல்கிறேன் என்று கெஞ்சினான்.

"இதையேதான் அப்போலிருந்து சொல்ற. பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அவங்க முகத்தையே பார்க்க முடியல. இப்போ நீ பேசுறியா, நான் பேசட்டுமா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அனலின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கதவுக்கு அப்பால் அவள் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. நடுவே அழுகை. உள்ளே வந்து, மனாங் கப்பல் ஏறுகிறார் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை அவள் சோறு வாங்கக் கீழே போன நேரத்தில் ரெனாந்தே ஓடிப்போனான். ஓடினான் என்று சொல்வதுகூட அதிகம். கழிப்பறைக்குப் போவதாக நர்ஸிடம் சொல்லி, மருந்துக் குழாயைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரி அங்கியின் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். படகேறி எதிரே இருக்கும் குய்மராஸ் தீவுக்குப் போய் ஒரு பழைய கூட்டாளி வீட்டில் இருந்துகொள்ளலாம் என்பது எண்ணம். அங்கே எத்தனை நாள் இருப்பது, டயாலிசிஸுக்கு என்ன செய்வது, எதையும் யோசிக்கவில்லை. அக்கா வரும்போது அந்தக் கட்டில் காலியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் மனதில் இருந்தது.

படகுத்துறைக்குப் போகும் ஜீப்னி என்ற பயணிகள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தான். சந்தையருகே திரும்பும்போது வலது விலாவில் கத்தி இறங்கியதுபோல் ஒரு வலி. மூச்சை இழுத்தான், பாதியில் நின்றது. எதிரே மீன் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் சரிந்தான். மூச்சுவிட வசதியாக இருக்கட்டும் என்று அவள் சட்டைப் பொத்தானைப் பிரித்தாள். அங்கியும் குழாயும் தெரிந்தன.

"ஆஸ்பத்திரியிலிருந்து தப்பிச்சு வந்திருக்கான். வண்டியைத் திருப்புய்யா," என்றாள் ஓட்டுநரிடம்.

வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அத்தனை பேருமாக அந்த ஜீப்னி அவசரப் பிரிவு வாசலுக்கு வந்து நின்றது. நாலு பேர் தூக்கினார்கள். எல்லோர் மேலும் மீன் வாடை. உணவுப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அனலின் வாசலிலேயே நின்றிருந்தாள்.

கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலின் ஒரு கிளைக்குள் போய் அடைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் பெரிய துண்டாக இருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டான் என்றார் டாக்டர் தூபாஸ். திட்டவில்லை. ஆக்ஸிஜன் முகமூடியை இறுக்கிவிட்டு, மருந்தை மறுபடி தொடங்கச் சொன்னார்.

பெர்லிதா வந்தபோது அவனால் பேச முடியவில்லை. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கப்பல் பயணத்தில் முகம் வெளிறியிருந்தது. முகமூடியை, குழாயை, கையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எப்போ செத்தது?" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"என் கிட்னி. எப்போ செத்தது?"

அவன் முகமூடியைத் தூக்கப் போனான். போட்டுக்கொள் என்று கையால் காட்டினாள். போன மழைக்காலத்தில் என்று அனலின்தான் சொன்னாள். பெர்லிதா மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"அப்போ கேக் வெட்டினப்போ?"

அனலின் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"நான் மெழுகுவத்தி காட்டினேன். நீ ஊதினியே, தோதோ."

சின்ன வயதில் அவள் அவனைக் கூப்பிட்ட பெயர் அது. எங்கள் பக்கம் தம்பிகள் எல்லோரும் தோதோதான். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் முகமூடியின் ரப்பர் ஓரத்தில் தேங்கியது. துடைக்கக் கையை அசைக்கக்கூட அவனுக்குக் கூச்சமாக இருந்தது, அழுது அனுதாபம் தேடுகிறான் என்று அவள் நினைத்துவிட்டால்?

பெர்லிதா உட்கார்ந்தாள். சிறுநீரகம் கொடுப்பதற்குத் தன் கணவன் வில்மார் சம்மதிக்கவேயில்லை என்று அப்போதுதான் சொன்னாள். இத்தனை வருடம் அதைத் தம்பியிடம் சொன்னதில்லை. அவன் பொறுப்பில்லாதவன், வீணடித்துவிடுவான் என்று வில்மார் சொன்னானாம். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று சண்டை போட்டுவிட்டுத்தான் இவள் கப்பலேறினாளாம். திரும்பிப் போனபிறகும் ரொம்ப நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"தெருவுல ஒவ்வொரு வீட்டுக்கும் கேக் கொடுத்திருக்கேன். இப்போ நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?"

அதுவரை இந்த அவமானம் தனக்கு மட்டும்தான் என்று ரெனாந்தே நினைத்திருந்தான். மறைத்து மறைத்து வைத்ததில் அக்காவுக்கும் ஒரு பங்கைச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் டாக்டர் வந்து மூவரிடமும் பேசினார். துண்டு பிய்ந்துபோனதில் இதயத்திலிருக்கும் கட்டி சற்றுச் சிறிதாகியிருக்கிறது. ஆனால் நுரையீரல் அடிபட்டிருக்கும்போது நெஞ்சைத் திறப்பது ஆபத்து. மருந்திலேயே தொடர்ந்து பார்க்கலாம் என்பது அவர் யோசனை. ரெனாந்தே முகமூடியை விலக்கினான்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம், டாக்டர். கொடுத்ததையே காப்பாத்தாதவன் நான். எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் பெர்லிதா. "செத்துட்டா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் இல்ல? படகுத்துறைக்கு ஓடினவன்தானே நீ. இதுவும் ஓடுறதுதான்."

அவன் முகமூடியை மறுபடி போட்டுக்கொண்டான்.

டாக்டர் பெர்லிதாவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். கொஞ்ச நாளில் சொட்டு மருந்தை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றுவார்கள். ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று அடிக்கடி சோதிக்க வேண்டும். மருந்து கூடினால் உள்ளே எங்காவது ரத்தம் கசியும், குறைந்தால் கட்டி வளரும். "மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது," என்றார்.

பெர்லிதா சிரித்துவிட்டாள். வறண்ட சிரிப்பு. "இவன்கிட்டயா சொல்றீங்க?"

பக்கத்தில் மருந்துப் பையை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஜீப்னியில் மீன்காரி மடியில் விழுந்ததைவிட இது அவனைச் சுருக்கியது.

முகமூடியை எடுத்துவிட்ட அன்று, பெர்லிதா கைப்பேசியில் எண்ணைப் போட்டு அவன் முன் நீட்டினாள். "வில்மார்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அனலின்தான் அக்காவிடம் சொன்னாள். டாக்டருக்குச் சோதனை சொன்னது. அவன் வாயால் யாரிடமும் சொன்னதே இல்லை. அந்தப் பக்கம் பேக்கரியில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. மாத்திரையை விட்டதை, சிறுநீரகம் போனதை, ஊதிய மெழுகுவத்தியை, எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் இரண்டு தடவை மூச்சுக்கு நின்றான். வில்மார் குறுக்கே பேசவில்லை. நான் அப்போதே சொன்னேன் என்ற வார்த்தைக்காக ரெனாந்தே காத்திருந்தான். அது வரவில்லை.

"அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டான் வில்மார். "கப்பல்ல வந்தா அவளுக்கு நாலு நாளைக்குச் சோறு வயித்துல நிக்காது. கஞ்சியா ஏதாவது வாங்கிக் கொடுக்கச் சொல்லு." வைத்துவிட்டான்.

ரெனாந்தே அக்காவைப் பார்த்தான். அவள் வந்ததிலிருந்து சாப்பிட்டாளா என்று அவன் கேட்டிருக்கவேயில்லை. தன் அவமானத்திலேயே மூழ்கிக் கிடந்தவனுக்கு அது தோன்றவே இல்லை. தலை நிமிராமல் அனலினிடம், மனாங்குக்குக் கஞ்சி வாங்கி வா என்றான்.

வீட்டுக்கு அனுப்பியபோது பெர்லிதாவும் மியாகாவுக்கு வந்தாள். பேக்கரியை வில்மார் பார்த்துக்கொண்டான். மாத்திரைப் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். பேனர் எடுக்க வந்தவர்கள் நிற்கும்போதே கடைக்குள் வருவாள், மாத்திரையைக் கொடுப்பாள், தண்ணீரைக் கொடுப்பாள்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

நடுத்தர வயசு ஆள் நாக்கைத் தூக்கிக் காட்டுவான். வாடிக்கையாளர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்ப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் இருக்கும்போதும் அக்கா வந்து நாக்கைத் தூக்கச் சொல்வாளா என்று ஒரு கூட்டாளி அனலினிடம் கேட்டுவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ரெனாந்தே ஒரு நாளும் மறுக்கவில்லை. அதைத் தவிர பெர்லிதா அவனிடம் அதிகம் பேசவும் இல்லை. அனலினோடு சேர்ந்து சமைத்தாள், கருவாடும் உப்பும் இல்லாத சமையலைத் திட்டினாள், மாலையில் கடற்கரைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

அடுத்த எக்கோவில் கட்டி பட்டாணி அளவுக்கு வற்றியிருந்தது. டாக்டர் தூபாஸ் சர்ஜனுக்கு மறுபடி எழுதினார். இம்முறை கடிதத்தைப் பெர்லிதா வாங்கிக்கொண்டாள். மருந்தின் அளவைச் சிலநாள் கவனமாகக் குறைத்து, இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். கட்டு பிரித்த அன்று தையலின் மேல் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது பூனை உறுமுவதுபோல் அதிர்ந்தது. நர்ஸ் பெர்லிதாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவள் வேண்டாம் என்றாள்.

அவள் ஊருக்குப் புறப்படும் நாளில் துறைமுகத்துக்கு அவனும் போனான். அரைக்கைச் சட்டை. புடைக்கத் தொடங்கியிருந்த நரம்பையும் சிவந்த தழும்பையும் சுமைதூக்கிகள் பார்த்தார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனவன், அக்கா பார்ப்பதைக் கண்டு மறுபடி முன்னால் கொண்டுவந்தான்.

"என்னை மன்னிச்சிடு, மனாங்."

"இன்னும் இல்ல," என்றாள் அவள். "கோபம் தீரல. தீர்ந்தா நானே சொல்றேன். நீ கேட்டுக்கிட்டே இருக்காதே."

கட்டிக்கொள்ளவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

கையில் இணைத்த நரம்பு முற்றித் தயாரானதும் கழுத்துக் குழாயை உருவினார்கள். டாக்டர் கழுத்தில் பஞ்சை வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்த எக்கோவில் இதயச் சுவரில் ஒரு மெல்லிய படலம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது கரையாமலே போகலாம், ஆனால் ஆடவில்லை, அசையவில்லை, மாத்திரையோடு அதை வைத்துக்கொண்டு வாழலாம் என்றார். அப்படியே ஆயிற்று. இன்றைக்கும் அவன் நெஞ்சில் அது இருக்கிறது.

கையில் முதல் ஊசி குத்திய நாளில், ஆஸ்பத்திரி வார்டிலிருந்து மாறி டயாலிசிஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பேச்சுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா யார் என்று கேட்டாள். பக்கத்து நாற்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். தொலைக்காட்சியின் சத்தம் குறைவாகத்தான் இருந்தது.

"என் அக்கா," என்றான் ரெனாந்தே. "எனக்குக் கிட்னி கொடுத்தவங்க. நான் மாத்திரை போடாம அதைக் கெடுத்துட்டேன்."

நர்ஸின் கை ஒரு கணம் நின்றது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். ரெனாந்தேவுக்குக் காது வரை சுட்டது. நர்ஸ் இரண்டாவது ஊசியை எடுத்து, கையை ஆட்டாதீர்கள் என்றாள். அவன் ஆட்டாமல் வைத்துக்கொண்டான்.